குருதியால் எழுதிய கடிதம்



பதினாறாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இலண்டன் மாநகர மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று கண்ட நாடகங்களுள் ஒரு வகை உண்டு. கொலையுண்டவனின் ஆவி அரங்கிலே தோன்றும். அவனுக்கு உரியவர் ஒருவர் பழிவாங்கச் சூளுரைப்பார். நீதி கேட்கும் வழிகள் யாவும் அவருக்கு அடைபட்டிருக்கும். துயர மிகுதியால் அவர் அறிவு கலங்குவார். அல்லது கலங்கியவர்போல் நடிப்பார். நாடகத்துள்ளே ஒரு நாடகம் நடைபெறும். முடிவில் அரங்கு முழுவதும் பிணக்குவியலாகும். ஆங்கில இலக்கிய வரலாற்றாசிரியர் இவற்றைப் பழிவாங்கும் துன்பியல் நாடகங்கள் என வகுத்துரைப்பர். சேக்ஸ்பியரின் 'ஹம்லற்' இவ்வகையின் சிகரம் என்பதை யாவரும் அறிவர். அச்சிகரத்துக்குப் படியமைத்துக் கொடுத்த நாடகமோ தோமஸ் கிட் என்பார் எழுதிய 'ஸ்பானியத் துன்பியல்' ஆகும்.

இந்நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மகனை இழந்த முதிய தந்தையாகிய ஹியறோனிமோவைப் பற்றியே பேசுவர். இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது அவனது கதையன்று. அதே நாடகத்தில் இருமுறை காதலனைப் பறிகொடுத்து, உண்மையைக் கண்ணாரக் கண்டு, அதனை வெளியிட முயன்று, நம்புவாரின்றிக் கத்தியைக் கையிலெடுத்த பெல் இம்பீரியா என்னும் பெண்ணின் கதையே இன்றைய பொருள். அவள் ஏன் கத்தியை எடுத்தாள்? அதற்கு முன்னர் எதை எடுத்தாள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது, அந்நாடகத்தை மட்டுமன்றி அது பிறந்த சமுதாயத்தையும் அறிந்துகொள்ளத் துணைசெய்யும்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில வார்த்தைகள். தோமஸ் கிட் 1558 ஆம் ஆண்டு இலண்டனிலே ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தந்தையார் பத்திரங்களும் கடிதங்களும் எழுதிக் கொடுக்கும் எழுத்துத் தொழிலர். மகனும் நல்ல பள்ளியிலே இலத்தீன் கற்றார். உரோம நாட்டுச் செனெக்கா எழுதியனவாக வழங்கிய பத்துத் துன்பியல் நாடகங்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் 1581 ஆம் ஆண்டில் ஒரே தொகுதியாக வெளிவந்தன. ஆவியும் பழியும் குருதியும் நிறைந்த அந்நாடக மரபை இலண்டன் பொதுமக்கள் அரங்குக்கு ஏற்றவாறு மாற்றியமைத்த பெருமை கிட்டுக்கு உரியது. 'ஸ்பானியத் துன்பியல்' 1592 ஆம் ஆண்டுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. அவ்வாண்டிலே றோஸ் என்னும் அரங்கில் அது ஆடப்பட்டதை, அரங்கின் உரிமையாளரான பிலிப் ஹென்ஸ்லோ தம் கணக்கேட்டிலே குறித்துவைத்துள்ளார். 1597 வரையில் இருபது தடவைக்கு மேல் அது ஆடப்பட்டதற்கு அவ்வேடே சான்று.

இத்தகைய புகழ் பெற்ற நாடகத்தின் பழைய பதிப்புகளில் ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. 1612 ஆம் ஆண்டில் தோமஸ் ஹேவுட் என்னும் நாடகாசிரியர் தமது நூலொன்றிலே போகிற போக்கிற் குறித்தமையாலேயே ஆசிரியர் இன்னாரென உலகம் அறிந்தது. கிட்டின் வாழ்வும் துன்பியலாகவே முடிந்தது. 1593 ஆம் ஆண்டிலே அவருடைய இருப்பிடத்தில் சமயத்துக்கு மாறான கருத்துடைய தாள்கள் அகப்பட்டன என்று அவரைச் சிறைப்படுத்தி வதைத்தனர். அத்தாள்கள் தம்முடையனவல்ல, மார்லோவுடையன என அவர் கூறினார். மறு ஆண்டிலே, முப்பத்தாறு வயது நிரம்பு முன்னரே, அவர் மறைந்தார்.

இனி நாடகக் கதைக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டுக்கும் போர்த்துக்கலுக்கும் நடந்த போரிலே அந்திரேயா என்னும் ஸ்பானிய வீரன் மாண்டுவிடுகிறான். அவனைக் கொன்றவன் போர்த்துக்கல் இளவரசனாகிய பல்தசார். அந்திரேயாவை மறைவாகக் காதலித்தவள் பெல் இம்பீரியா. அவள் ஸ்பெயின் மன்னனுடைய சகோதரனான கஸ்தீல் கோமகனின் மகள். நாடகம் தொடங்கும்போது அந்திரேயாவின் ஆவியும் 'பழி' என்னும் உருவகப் பாத்திரமும் அரங்கிலே வந்தமர்கின்றன. பல்தசார் பெல் இம்பீரியாவின் கையாலே உயிர் துறப்பதை நீ காண்பாய் எனப் பழி ஆவிக்கு வாக்களிக்கிறது. நேயர்கள் இதனை மனத்திலிருத்தல் வேண்டும். நாடகம் தொடங்கும்போதே பழி முடிப்பவளாகப் பெயர் கூறப்பட்டவள் இப்பெண்தான். ஹியறோனிமோவின் பெயர் அந்த வாக்கிலே இல்லை.

பல்தசார் போரிலே சிறைபிடிக்கப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்படுகிறான். அவனைக் குதிரையினின்று வீழ்த்தியவன் ஹொறேஷியோ. அரண்மனை நீதிபதியான ஹியறோனிமோவின் ஒரே மகன். குதிரையின் கடிவாளத்தைப் பற்றியவன் லொறென்சோ. பெல் இம்பீரியாவின் சகோதரன். இருவருள் எவனுக்குச் சிறைப்பட்டவன் உரியவன் என்ற வழக்கிலே, மீட்புப் பணம் ஹொறேஷியோவுக்கும், குதிரையும் படைக்கலமும் லொறென்சோவுக்குமென மன்னன் தீர்ப்பளிக்கிறான். அந்திரேயாவின் உடலை எடுத்து ஈமக்கடன் செய்தவனும் ஹொறேஷியோவே. அந்திரேயாவின் கையிலிருந்து அவன் எடுத்து அணிந்திருந்த துணி, பெல் இம்பீரியா முன்னர்த் தன் காதலனுக்குக் கொடுத்ததாகும். அத்துணியைக் கண்ட அவள் உள்ளம் ஹொறேஷியோவை நாடுகிறது.

ஆசிரியர் இவளைக் குற்றமற்ற தெய்வப் பாவையாக வரையவில்லை. இறந்த காதலனுக்காகப் பழிவாங்க இந்த இரண்டாங் காதல் உதவும் என்ற எண்ணமும் அவள் உள்ளத்திலே இருக்கிறது. அதனை அவளே தனிமொழியிலே கூறுகிறாள். அன்பும் பழியும் ஒரே நெஞ்சிற் பின்னிக் கிடக்கும் உண்மையான பெண்ணாக அவளைப் படைத்தமை கிட்டின் திறமை.

இதற்கிடையில் மன்னனும் கோமகனும் வேறொரு கணக்குப் போடுகின்றனர். இரு நாடுகளுக்குமிடையே சமாதானம் நிலைக்கவேண்டுமாயின் பல்தசாருக்குப் பெல் இம்பீரியாவை மணஞ் செய்து கொடுத்தல் வேண்டும். அவர்களுக்குப் பிறக்கும் ஆண்மகவு ஸ்பெயினின் முடிக்கு உரியவனாவான். 1580 ஆம் ஆண்டிலே ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் போர்த்துக்கல்லைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டமையை அறிந்திருந்த இலண்டன் மக்களுக்கு இவ்வகை ஏற்பாடு புதுமையாகத் தோன்றியிராது. காதலனைக் கொன்றவனுக்கே மனைவியாகும்படி ஒரு பெண் பணிக்கப்படுகிறாள். அவளுடைய விருப்பம், அரசியல் உடன்படிக்கையின் ஓரத்திலே எழுதவேண்டிய ஒரு சிறு குறிப்பாகிவிடுகிறது.

பெல் இம்பீரியாவின் பணியாளன் பெட்றிங்கானோவை மிரட்டியும் பொருளாசை காட்டியும் லொறென்சோ அவளுடைய காதலை அறிந்துகொள்கிறான். ஹியறோனிமோவின் பூங்காவிலே, கொடிப்பந்தரின் கீழ், இரவு வேளையிற் காதலர் இருவரும் சந்திக்கின்றனர். முகமூடி தரித்த கொலைஞர் பாய்ந்து வருகின்றனர். ஹொறேஷியோவை அப்பந்தரிலேயே தூக்கிக் கத்தியாற் குத்திக் கொல்கின்றனர். பெல் இம்பீரியா ஹியறோனிமோவின் பெயர் சொல்லிக் கூவியழைக்கிறாள். அவள் வாயைப் பொத்தி இழுத்துச் செல்கின்றனர்.

இக்காட்சியை 1615 ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பிலே மரச்செதுக்குப் படமாக அச்சிட்டுள்ளனர். பந்தரிலே மகனின் உடல் தொங்குகிறது. தீப்பந்தமும் வாளும் ஏந்திய தந்தை அதனைக் கண்டு அலறுகிறான். அருகிலே பெல் இம்பீரியா நிற்கிறாள். கரிய முகமுடைய லொறென்சோ அவளைப் பற்றியிழுக்கிறான். ஒவ்வொருவர் வாயினின்றும் சுருள் போன்ற ஏட்டிலே சொற்கள் வெளிவருகின்றன. அவளுடைய ஏட்டிலே கொலை நடப்பதை அறிவித்து உதவி கோரும் சொற்கள். அவனுடைய ஏட்டிலே அவள் வாயை அடைக்குமாறு பணிக்கும் சொற்கள். நாடகத்திலே முன்னும் பின்னுமாக நிகழ்ந்தவற்றைப் படம் வரைந்தவன் ஒரே கட்டத்துள் அடக்கிவிட்டான். உண்மை கூறும் பெண்ணும் அவள் வாயை மூடும் ஆணும் அருகருகே நிற்கும் அப்படம், நாடகம் முழுவதற்கும் ஒரு சுருக்கவுரை எனலாம்.

லொறென்சோ தன் சகோதரியை ஒரு மாளிகையிலே அடைத்துவைக்கிறான். கொலையை நேரிற் கண்டவளும், அதனைச் சொல்ல விரும்பியவளும் அவள் ஒருத்தியே. மற்றையோர் யாவரும் கொலைஞர். மையும் கிடைக்காத அந்நிலையிலே அவள் தன் குருதியைத் தொட்டு ஒரு கடிதம் எழுதுகிறாள். ஹொறேஷியோவைக் கொன்றவர் தன் சகோதரனும் பல்தசாருமே எனப் பெயர் குறித்து, தந்தையாகிய நீர் பழிதீர்க்க வேண்டும் எனக் கேட்கிறாள். அக்கடிதம் ஹியறோனிமோவின் முன்னே வந்து விழுகிறது. நேயர்களே, கத்தியை எடுக்கு முன்னர் அவள் எடுத்தது எழுதுகோலை. தானறிந்த உண்மையை, நீதி வழங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அவள் முறையாக அறிவித்தாள்.

ஹியறோனிமோ என்ன செய்தான்? அவன் அதனை நம்பவில்லை. லொறென்சோவுக்குத் தன் மகன்மீது என்ன பகை? ஒரு பெண் தன் உடன்பிறந்தவனை ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்? இது தன்னை வீழ்த்த விரித்த வலையாக இருக்கலாம். இவ்வாறெல்லாம் அவன் ஐயுறுகிறான். நீதிபதி ஒருவர் ஒற்றைக் கடிதத்தைக் கொண்டு இருவரைக் கொலைகாரரெனத் துணியாமை குற்றமாகாது. அவ்வெச்சரிக்கை அவருடைய கடமையுமாகும். அவளையே நேரிற் கண்டு கேட்டறியலாம் என்ற எண்ணத்துடன் அவன் புறப்பட்டதும் முறையே. ஆயினும் வழியிலே லொறென்சோ எதிர்ப்படுகிறான். அவள் தந்தையின் சினத்துக்கு ஆளாகி வேறிடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறாள் என்கிறான். ஹியறோனிமோ திரும்பிவிடுகிறான். சாட்சி எங்கேயென்று தேடியவனுக்கு, சாட்சியைச் சிறைவைத்தவனே விடை கூறினான். அவ்விடையோடு விசாரணை நின்றுபோயிற்று.

சில காட்சிகளின் பின்னர் வேறொரு கடிதம் வருகிறது. குற்றத்துக்கு உடந்தையாக இருந்த செர்பரீன் என்பவனைப் பெட்றிங்கானோவைக் கொண்டு சுட்டுக் கொல்விக்கிறான் லொறென்சோ. பின்னர்ப் பெட்றிங்கானோவுக்கு மன்னிப்புப் பத்திரம் வருமெனப் பொய்கூறி அவனையும் தூக்குமரத்துக்கு அனுப்புகிறான். தூக்கிலிடப்பட்டவனிடம் இருந்த கடிதத்தைத் தூக்கிலிடுவோன் ஹியறோனிமோவிடம் கொண்டுவந்து கொடுக்கிறான். அதிலே கொலையின் உண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. அப்பொழுதுதான் பெல் இம்பீரியா எழுதியது பொய்யன்று என ஹியறோனிமோ தெளிகிறான். கொலையைக் கண்ட பெண் குருதியால் எழுதிய சொல், கொலையிற் பங்குகொண்ட ஒருவன் எழுதிய சொல் வந்து துணைநின்ற பின்னரே உண்மையாயிற்று.

இது கிட்டின் கற்பனை மாத்திரமா? இந்நாடகத்தைக் கண்ட ஆங்கில மக்களின் சட்ட மரபைச் சிறிது நோக்குவோம். 1215 ஆம் ஆண்டில் யோன் மன்னன் முத்திரையிட்ட மகாசாசனம், மக்னா கார்ட்டா, உலக உரிமை வரலாற்றிலே போற்றப்படுவது. அதன் ஐம்பத்து நான்காம் பிரிவு கூறுவது யாது? ஒரு பெண் தன் கணவனுடைய சாவைக் குறித்தன்றி வேறொருவருடைய சாவைக் குறித்துச் செய்யும் முறைப்பாட்டின்மேல் எவரையும் கைதுசெய்தலோ மறியலில் வைத்தலோ ஆகாது என்பதாம். 1225 ஆம் ஆண்டு மறுவெளியீட்டிலும் இவ்விதி இடம்பெற்றது. கொலையுண்டவனின் உரியவர் தாமே வழக்காளியாகக் கொலைஞனைக் குற்றஞ்சாட்டும் முறை அக்காலத்திலே இருந்தது. அவ்வுரிமை பெண்களுள் கைம்பெண்ணுக்கு உண்டு; தாய்க்கும் சகோதரிக்கும் காதலிக்கும் இல்லை. எலிசபெத்து மகாராணியார் காலத்திலே கொலை வழக்குகள் பெரும்பாலும் அரசியின் பெயராலேயே தொடுக்கப்பட்டன என்பதும், பெண்கள் சாட்சி கூறியதுண்டு என்பதும் உண்மை. ஆயினும் உரியவர் தொடுக்கும் அப்பழைய வழக்குமுறை 1819 ஆம் ஆண்டிலேதான் முற்றாக ஒழிக்கப்பட்டது.

பெல் இம்பீரியா அந்திரேயாவின் மனைவியல்லள், ஹொறேஷியோவின் மனைவியுமல்லள். கதை நிகழுமிடம் ஸ்பெயினாயினும், அரங்கின் முன் நின்ற இலண்டன் மக்களின் சட்டப்படியும் அவள் தானே வழக்காளியாக நிற்றல் இயலாது. அரசியின் பெயரால் வழக்கு எழவேண்டுமாயின் அவளுடைய சொல் அதிகாரிகளின் செவிக்கு எட்டுதல் வேண்டும். அச்சொல்லுக்கும் செவிக்கும் நடுவே அவளுடைய சகோதரன் நின்றான். தந்தை அவளுக்கு மணம் பேசினார். பெரிய தந்தை அரியணையிலிருந்து அதனை உறுதிசெய்தார். இவ்வாறு அவளைக் காக்கும் கடமையுடைய மூவரும் அவளுக்குச் சுவராகிவிட்டனர்.

ஆண்மகனாகிய ஹியறோனிமோவின் நிலையும் மேலானதாக இருக்கவில்லை. உண்மையை அறிந்தபின் அவன் மன்னன் முன்சென்று நீதி கேட்டுக் கூக்குரலிடுகிறான். லொறென்சோ இடைமறிக்கிறான். மகனுக்குரிய மீட்புப் பணத்திலே ஆசைவைத்து முதியவர் அறிவு மயங்கிப் பேசுகிறார் என்கிறான். ஹொறேஷியோ இறந்ததையே அறியாத மன்னன் அதனை ஏற்றுக்கொள்கிறான். மற்றையோர் வழக்குகளுக்கெல்லாம் நீதி வழங்கும் நடுவனுக்குத் தன் வழக்கிலே நீதி பெற இடமில்லை. பிரான்சிஸ் பேக்கன் 1625 ஆம் ஆண்டுப் பதிப்பிலே பழிவாங்குதல் பற்றி எழுதிய கட்டுரையில், அது சட்டத்தின் இடத்தைப் பறித்துக்கொள்ளும் செயலெனக் கண்டிக்கிறார். ஆயினும் சட்டத்திலே பரிகாரமில்லாத தீங்குகளுக்குச் செய்யும் பழியே ஓரளவாவது பொறுக்கத்தக்கது என்றும் ஒப்புக்கொள்கிறார். சட்ட அறிஞரான பேக்கன் காட்டிய அந்த ஒடுங்கிய இடைவெளியிலேதான் ஹியறோனிமோவும் பெல் இம்பீரியாவும் நிற்கின்றனர்.

சிறையினின்று விடப்பட்ட பெல் இம்பீரியா ஹியறோனிமோவைக் கண்டு கடிந்துகொள்ளும் காட்சி நாடகத்தின் திருப்புமுனையாகும். பெற்ற மகனுடைய பழியை மறந்திருக்கும் நீரும் ஒரு தந்தையா என்னும் கருத்துப்பட அவள் இடித்துரைக்கிறாள். நீர் செய்யாவிடின் நானே செய்து முடிப்பேன் எனச் சூளுரைக்கிறாள். அப்பொழுது அம்முதியவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். எதற்காக? அவளுடைய கடிதத்தை அஞ்சி நம்பாதிருந்ததற்காக. எத்துணையோ பேர் இறந்துபடும் இந்நாடகத்திலே, ஒரு மனிதன் தன் தவற்றை உணர்ந்து ஒரு பெண்ணிடம் பொறுத்தருளும்படி வேண்டும் இவ்விடம் மிகவும் உருக்கமானது. ஆனால் அம்மன்னிப்பு மிகவும் பிந்தி வந்தது. நீதிமன்றத்துக்குச் செல்லும் பாதை அதற்கு முன்னரே அடைபட்டுவிட்டது. அவ்விருவரும் சேர்ந்து செல்லக்கூடிய பாதை ஒன்றே எஞ்சியிருந்தது.

திருமண விழாவிலே நாடகமொன்று நடிக்க ஹியறோனிமோ ஏற்பாடு செய்கிறான். துருக்கிய சுல்தான் சொலிமான், றோட்ஸ் தீவின் வீரன் எறாஸ்டோ, அவன் காதலி பெர்சீடா ஆகியோரின் கதை அது. பல்தசார் சொலிமானாகவும், லொறென்சோ எறாஸ்டோவாகவும், பெல் இம்பீரியா பெர்சீடாவாகவும் வேடமேற்கின்றனர். ஒவ்வொருவரும் வெவ்வேறு மொழியிலே பேசவேண்டும் என்பது ஏற்பாடு. பல்தசாருக்கு இலத்தீன், லொறென்சோவுக்கு இத்தாலியம், ஹியறோனிமோவுக்குக் கிரேக்கம், பெல் இம்பீரியாவுக்குப் பிரெஞ்சு. நாடகம் முழுவதும் தன் சொல்லைப் பிறர் செவியிலே ஏற்றப் போராடிய பெண், இறுதியிலே பிறர் விளங்கிக்கொள்ளாத மொழியிலே பேசும்படி அமைந்துவிடுகிறது.

அரங்கிலே வேடங்கள் மெய்யாகின்றன. ஹியறோனிமோ லொறென்சோவைக் குத்துகிறான். பெல் இம்பீரியா பல்தசாரைக் குத்துகிறாள். நடிப்பென எண்ணி மன்னனும் அவையோரும் பாராட்டியிருக்கின்றனர். அடுத்த கணம் பெல் இம்பீரியா அக்கத்தியைத் தன் மார்பிலே பாய்ச்சிக்கொள்கிறாள். பின்னர் உண்மையை வெளியிடும் ஹியறோனிமோ ஒரு செய்தியைக் கூறுகிறான். மூலக்கதைப்படி பெர்சீடா இறக்கவேண்டும். ஆனால் பெல் இம்பீரியாமீது கொண்ட இரக்கத்தால் அவள் முடிவை வேறுவிதமாக மாற்றி எழுதியிருந்தேன். அவளோ அதன்படி நடக்கவில்லை என்கிறான். தந்தையும் மன்னனும் சகோதரனும் அவளுக்காக ஒவ்வொரு முடிவை வகுத்தனர். நண்பனாகிய ஹியறோனிமோவும் நல்லெண்ணத்துடன் ஒரு முடிவை வகுத்தான். எவரும் எழுதிக்கொடாமல் அவள் தானே தெரிந்துகொண்ட முடிவு அவளுடைய சாவு ஒன்றுதான். பழிவாங்கும் வழி ஒரு பெண்ணுக்கு அளித்த உரிமை அவ்வளவே என்பது நெஞ்சை வருத்தும் உண்மை.

இனி, அவளைப் பிற்காலம் எவ்வாறு நினைவிற்கொண்டது எனப் பார்ப்போம். முதற்பதிப்பின் தலைப்பேட்டிலே ஹொறேஷியோ, பெல் இம்பீரியா ஆகிய இருவரின் இரங்கத்தக்க முடிவு முதலிலும், முதிய ஹியறோனிமோவின் சாவு அதன் பின்னரும் குறிக்கப்பட்டுள்ளன. நாளடைவில் மக்கள் அந்நாடகத்தை ஹியறோனிமோவின் பெயராலேயே அழைக்கலாயினர். 1615 ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஹியறோனிமோ மீண்டும் பித்தனானான் என்ற பொருள்தரும் மறுபெயரும் சேர்ந்தது. 1601, 1602 ஆம் ஆண்டுகளிலே புதிய பகுதிகள் சேர்ப்பதற்காக ஹென்ஸ்லோ, பென் யோன்சன் என்னும் நாடகாசிரியருக்குப் பணம் கொடுத்த குறிப்பு உண்டு. 1602 ஆம் ஆண்டுப் பதிப்பிலே புதிய பகுதிகள் வெளிவந்தன. அவை சேக்ஸ்பியர் எழுதியனவாகலாம் எனக் கருதும் அறிஞரும் உளர். யார் எழுதினாலென்ன? சேர்க்கப்பட்ட பகுதிகள் ஹியறோனிமோவின் துயரையும் பித்தையுமே பெருக்கிக் காட்டுகின்றன. பெல் இம்பீரியாவுக்குப் புதிதாக ஒரு பேச்சும் வாய்க்கவில்லை. அக்காலத்து ஆங்கில அரங்குகளிலே பெண் வேடம் தரித்தோர் சிறுவர்களே; 1660 இன் பின்னரே பெண்கள் தொழில்முறையாக மேடையேறினர். நடிகரின் புகழுக்கு ஏற்ற வேடம் முதியவனுடையதாக இருந்தமையும் இதற்கொரு காரணமாகலாம்.

எனினும் அவள் ஏற்றிய விளக்கு அணையவில்லை. 1594 ஆம் ஆண்டில் அச்சான சேக்ஸ்பியரின் 'தீற்றஸ் அந்திரோனிக்கஸ்' நாடகத்திலே லவீனியா என்னும் பெண்ணைக் கெடுத்த கொடியோர், அவள் பெயர் சொல்லாதிருக்க நாவையும், எழுதாதிருக்கக் கைகளையும் துணித்துவிடுகின்றனர். அவளோ ஒரு கோலை வாயிற் கவ்வி, கைமூட்டுகளால் அதனை நடத்தி, மணலிலே அவர்கள் பெயரை எழுதிவிடுகிறாள். அதற்கும் மூலமாக அமைந்தது உரோமக் கவி ஒவிட் கூறிய பிலோமெலாவின் கதை. நா அறுபட்ட அவள் தனக்கு நேர்ந்த கொடுமையைத் துணியிலே நெய்து தன் தமக்கைக்கு அனுப்பினாள். நெய்த துணி, குருதிக் கடிதம், மணலெழுத்து ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஓருண்மை புலப்படும். இப்பெண்கள் எவரும் முதலிலே வாளைத் தேடவில்லை. தமக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு வழியையே தேடினர். பழி என்பது சொல் தோற்ற இடத்திலே பிறந்தது.

நேயர்களே, பழிவாங்குதலைப் புகழ்ந்துரைப்பது நம் நோக்கமன்று. கிட்டின் நோக்கமும் அஃதன்று எனலாம். அவர் அதன் விலையை ஒளிக்காமற் கணக்கிட்டுக் காட்டுகிறார். கடிதம் எழுதப்பட்ட வேளையிலே ஹொறேஷியோ ஒருவனே கொலையுண்டிருந்தான். அதன் பின்னர்ச் செர்பரீனும் பெட்றிங்கானோவும் மாண்டனர். ஹொறேஷியோவின் தாய் இசபெல்லா, மகன் தொங்கிய பந்தரை வெட்டிச் சாய்த்துத் தன்னுயிரையும் மாய்த்துக்கொண்டாள். லொறென்சோ, பல்தசார், பெல் இம்பீரியா ஆகியோர் அரங்கிலே வீழ்ந்தனர். கொலையிலே எப்பங்கும் இல்லாத கஸ்தீல் கோமகனை ஹியறோனிமோ எழுதுகோல் சீவக் கேட்டு வாங்கிய கத்தியாற் குத்திவிட்டுத் தானும் மாண்டான். ஆக எண்மர். இரு நாட்டு அரசுகளும் உரிமை மக்களை இழந்தன. பழி குற்றவாளியோடு நின்றுவிடுவதில்லை. குற்றமற்றவரையும் அது வாரிக்கொண்டு போகிறது.

இந்த எண்மரின் சாவுக்கும் தொடக்கம் எது? லொறென்சோவின் கொடுமை என்பது முதல் விடை, அதில் ஐயமில்லை. ஆனால் கொடியவர் எக்காலத்திலும் இருப்பர். அவர்களை அடக்குவதற்காகவே நீதி அமைப்பை மனிதர் ஏற்படுத்தினர். உண்மையைக் கண்ட ஒருத்தி அதனைக் கூற வரும்போது, அவள் யாருடைய மகள், யாருடைய மனைவி, அவள் சொல்லுக்குத் துணைநிற்கும் ஆண்மகன் யார் எனக் கேட்டுக்கொண்டிருக்கும் நீதி, கொடியவனுக்குக் காலம் வாங்கிக் கொடுக்கிறது. லொறென்சோ அக்காலத்தை நன்றாகப் பயன்படுத்திச் சாட்சிகளை ஒவ்வொருவராக ஒழித்தான்.

ஆகவே, பெல் இம்பீரியாவை நினைக்கும்போது அவள் கையிலிருந்த கத்தியை மட்டும் நினைத்தல் போதாது. அதற்கு முன்னர் அவள் எழுதிய கடிதத்தையும் நினைத்தல் வேண்டும். அநீதிக்கு ஆளான ஒருவர் நம் முன்னே வந்து வாய்திறக்கும்போது, அவர் கூறுவதை ஆராயாமல் ஏற்கவேண்டும் என்பதன்று இதன் பொருள். ஆராய்ந்தே தீர்மானிக்கவேண்டும். ஆனால் ஆராய்ச்சி அவரையே தேடிச்சென்று கேட்பதிலே தொடங்குதல் வேண்டும். அவரை அடைத்துவைத்தவனிடம் கேட்பதோடு முடிந்துவிடலாகாது. ஹியறோனிமோ அந்த மாளிகையின் கதவுவரை சென்று தட்டியிருந்தால் நாடகம் வேறாக முடிந்திருக்கக்கூடும். அவன் பாதிவழியிலே திரும்பிவிட்டான்.